ரசத்துக்குப் போனதும் குப்பைக்குப் போனதும்

தக்காளியின் சத்து தோலிலா, சதையிலா, விதையிலா? மும்பைத் தமிழர்களின் மூன்று சமையலறைகள் வழியாக ஒரு விசாரணை.

மாட்டுங்கா ரயில் நிலையத்தை விட்டுக் கிழக்குப் பக்கம் இறங்கினால் மும்பை சற்று நேரம் மறந்துபோகும். மல்லிகைச் சரம், வாழை இலைக் கட்டு, முருங்கைக்காய், சேனைக்கிழங்கு, வறுத்த காபிக் கொட்டையின் வாசனை. காய்கறித் தள்ளுவண்டிக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர்தான். ஆனால் இருபது வருடம் தமிழ் மாமிகளோடு பேரம் பேசியதில் எண்களையும் காய்களின் பெயர்களையும் தமிழிலேயே சொல்லப் பழகியவர். "வாங்கம்மா, ரசத்துக்கா, சாலட்டுக்கா?" என்று கேட்பார். "ரசத்துக்குத்தான்பா. நாட்டுத் தக்காளியாப் பார்த்துக் குடு. கல்லு மாதிரி இருக்கே, அந்த ஹைப்ரிட் வேண்டாம்" என்று பதில் வரும்.

வீட்டுக்கு வந்ததும் தக்காளி வெந்நீரில் முங்கும். தோல் சுருண்டு உரியும். மிச்சத்தைப் புளித் தண்ணீரில் கசக்கிப் பிழிந்து, சக்கையையும் விதையையும் வடிகட்டியில் தேக்கி, ரசத்தைத் தெளிவாக இறக்கினால்தான் சில வீடுகளில் கௌரவம். வடிகட்டியில் நின்றது குப்பைக் கூடைக்குப் போகும். தினமும் நடக்கிற இந்தச் சின்னக் காரியத்தில் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கு கொஞ்சம் திடுக்கிட வைக்கும்.

நியூசிலாந்தில் டூர், சாவேஜ் என்ற இரு விஞ்ஞானிகள் 2005-ல் மூன்று தக்காளி ரகங்களை எடுத்துத் தோல், விதைப் பகுதி, சதை என்று தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார்கள். பழத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலில் 52 சதவீதம் தோலிலும் விதைப் பகுதியிலும்தான் இருந்தது. பினாலிக் சேர்மங்களில் 53 சதவீதம், லைக்கோபீனில் 48 சதவீதம், வைட்டமின் சி-யில் 43 சதவீதம் அங்கேயே. பெரும்பகுதி எடையுள்ள சதைக்கு வந்தது மீதிதான். அதாவது தோலையும் விதையையும் எறிகிறவர், காசு கொடுத்து வாங்கிய சத்தில் ஏறக்குறைய பாதியை எறிகிறார்.

ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல் இன்று பற்பசை முதல் முகக் கிரீம் வரை எல்லா டப்பாக்களிலும் ஒட்டியிருக்கிறது. விஷயம் எளிமையானது. உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தி உணவை எரிக்கும்போது சில பொல்லாத துணுக்குகள் உருவாகின்றன. இவற்றில் பல, ஒரு எலெக்ட்ரான் குறைவாக இருப்பதால் பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், மரபணு எதையாவது பிடித்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளப் பார்க்கும். இரும்பு துருப்பிடிப்பதும் எண்ணெய் காறிப்போவதும் இதே குடும்பத்துச் சமாச்சாரம்தான். தன்னிடம் இருக்கும் எலெக்ட்ரானை விட்டுக்கொடுத்தோ, துணுக்கின் வேகத்தை உறிஞ்சிக்கொண்டோ அந்தச் சங்கிலியை அறுப்பவைதான் ஆன்டிஆக்ஸிடன்ட்கள். உடம்பே சிலவற்றைத் தயாரித்துக்கொள்கிறது. மீதி சாப்பாட்டில் வர வேண்டும்.

தக்காளியில் இந்த வேலையைச் செய்ய ஒரு கூட்டமே இருக்கிறது. வைட்டமின் சி. கொஞ்சம் பீட்டா கரோட்டின். தோலில் குவிந்திருக்கும் ஃபிளேவனாய்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாக லைக்கோபீன், பழத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் பொருள். 1910-ல் வில்ஸ்டாட்டரும் எஷரும் இதன் சூத்திரத்தைக் கண்டுபிடித்தபோது அது கேரட்டின் கரோட்டினுக்கு உடன்பிறப்பு என்று தெரிந்தது: 40 கார்பன், 56 ஹைட்ரஜன், இரண்டிலும் அதே எண்ணிக்கை. அடுக்கு மட்டும் வேறு. அந்த அடுக்கு வித்தியாசத்தால் லைக்கோபீன் உடம்பில் வைட்டமின் ஏ-ஆக மாறாது. ஆகவே கண்ணுக்கு நல்லது என்று தக்காளியை மட்டும் நம்பியிருப்பது சரியில்லை. முருங்கைக் கீரையும் கேரட்டும் அந்த வேலைக்கு வேண்டும். ஆனால் ஆக்ஸிஜனின் ஒரு குறிப்பிட்ட முரட்டு வடிவத்தை அடக்குவதில் லைக்கோபீன் பீட்டா கரோட்டினைவிடக் கெட்டிக்காரன் என்று 1989-ல் ஜெர்மனியில் நடந்த சோதனை காட்டியது. அன்றிலிருந்துதான் தக்காளிக்கு மருத்துவ உலகில் மவுசு.

இத்தனைக்கும் தக்காளி நமக்குப் புதுப் பணக்காரன். தென் அமெரிக்காவின் மேற்கு மலைப் பகுதியில் காட்டுச் செடியாகப் பிறந்து, மெக்ஸிகோவில் வளர்ப்புச் செடியாகி, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தமிழில் மணத்தக்காளி போன்ற உள்ளூர்ச் செடிகளுக்கு இருந்த பெயரை இது வந்து எடுத்துக்கொண்டது. கொஞ்ச காலம் சீமைத் தக்காளி என்று அடைமொழியோடு அழைக்கப்பட்டு, பிறகு அடைமொழியை உதறிவிட்டது. திவசச் சமையலில் இன்றும் பல வீடுகள் இதைச் சேர்ப்பதில்லை. மற்ற 364 நாளும் இது இல்லாமல் அடுப்பு எரிவதில்லை.

மாட்டுங்காவில் ஒரு வேடிக்கை உண்டு. தோலை எறியும் சமையலறைகளிலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். அதே வட்டாரத்தில், 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் ரசாயனத் தொழில்நுட்பத் துறையாகத் தொடங்கி, யூ.டி.சி.டி. என்ற பெயரில் பல தலைமுறை மாணவர்களுக்குத் தெரிந்த நிறுவனம் இருக்கிறது. இப்போது அதன் பெயர் ரசாயனத் தொழில்நுட்பக் கழகம். அங்குள்ள உணவுத் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்த சௌதரியும் லக்ஷ்மி அனந்தநாராயணனும் 2007-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தக்காளித் திசுக்களிலிருந்து லைக்கோபீனை எப்படி அதிகமாக எடுப்பது என்பதுதான் விஷயம். சோதனைப் பொருள்களில் தக்காளித் தோலும் ஒன்று. கெச்சப் ஆலைகள் கழித்துத் தள்ளும் குப்பை அது.

அவர்கள் கையாண்ட வழி, செல்லுலேஸ், பெக்டினேஸ் என்ற இரண்டு நொதிகள். தாவர உயிரணுவின் சுவர் செல்லுலோஸாலும் பெக்டினாலும் கட்டப்பட்டது. லைக்கோபீன் அந்தச் சுவருக்குள்ளே நுண்ணிய படிகமாகப் பூட்டிக் கிடக்கிறது. நொதி சுவரைக் கரைத்தால் படிகம் வெளியே வரும். நொதி போட்ட தோலிலிருந்து போடாத தோலைவிடக் கணிசமாக அதிக லைக்கோபீன் கிடைத்தது. இந்த ஆய்வில் இல்லத்தரசிக்கு ஒரு பாடம் இருக்கிறது. தோல் செல்வம்தான், ஆனால் பூட்டிய பெட்டி. திறக்கிற சாவி தெரியாவிட்டால் சாப்பிட்டும் முழுப் பலன் இல்லை. அந்தச் சாவி எது என்பதற்குத் தாராவிக்குப் போக வேண்டும். அதற்கு முன் ரகங்களின் கதையை முடித்துவிடலாம்.

நாட்டுத் தக்காளி உசத்தியா, ஹைப்ரிட் உசத்தியா என்ற சண்டை தமிழ்ப் பெண்களிடையே பழசு. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் 528 உணவுப் பொருள்களுக்கு வெளியிட்ட சத்துப் பட்டியலில் நாட்டுப் பழத்தையும் ஹைப்ரிட் பழத்தையும் தனித்தனி வரிசையில்தான் போட்டிருக்கிறது. டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் வயலில் விளைந்த 12 ரகங்களைச் சோதித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். லைக்கோபீன், வைட்டமின் சி, பினாலிக் சேர்மங்கள் எல்லாமே ரகத்துக்கு ரகம் வெகுவாக மாறின. மாறாத ஒன்று: சதையைவிடத் தோல் பணக்காரன்.

நாட்டுப் பழத்துக்கு ஆதரவாக ஒரு சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் மாறுதலைத் தூண்டி உருவாக்கிய பி.கே.எம்.1 பழத்தைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். தட்டை உருண்டை, காம்புப் பக்கம் தோளில் பச்சைப் பூச்சு. பழுக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பச்சை கொஞ்ச நேரம் விடாது. நகரத்து வாடிக்கையாளருக்கு இது பிடிக்காது. சரியாகப் பழுக்கவில்லை என்று நினைப்பார். உலகம் முழுக்க வியாபாரிகளும் அப்படியே நினைத்தார்கள். ஆகவே ஏறக்குறைய 70 வருடங்களாக, காய் முழுவதும் ஒரே சீரான வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் ரகங்களைத் தேர்ந்தெடுத்தே வளர்த்தார்கள்.

2012-ல் 'சயன்ஸ்' இதழில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த அழகின் விலையைச் சொன்னார்கள். சீரான நிறம் என்பது ஒரு மரபணு செயலிழந்ததன் விளைவு. அந்த மரபணு காயில் பச்சையம் நிறைய உண்டாக்கும் வேலையைச் செய்வது. அது வேலை செய்தால் காயே சூரிய ஒளியில் கொஞ்சம் சர்க்கரை தயாரித்துக்கொள்ளும். பழுத்த பிறகு லைக்கோபீனும் கூடும். அதை முடக்கியதில் கண்ணுக்கு அழகு கிடைத்தது, நாக்குக்கும் உடம்புக்கும் குறைந்தது. தோளில் பச்சை இருக்கிறதே என்று ஒதுக்கிவைத்த பழம், உண்மையில் கூடுதல் நேரம் வேலை பார்த்த பழம். ஹைப்ரிட் எல்லாமே மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. நோயைத் தாங்கி விளைச்சல் தரும் ரகங்கள் இல்லாவிட்டால் விவசாயி கதி என்ன? பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் போன்றவை மூன்று நோய்களை எதிர்த்து நிற்பவை. தடித்த தோல் ஹைப்ரிட்தான் லாரியில் குலுங்கி நாசிக்கிலிருந்தும் நாராயண்காவிலிருந்தும் நசுங்காமல் வாஷி மொத்த மார்க்கெட்டுக்கு வந்து சேரும்.

ரகத்தைவிட வெயில் பெரிய எஜமான். ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் தக்காளி லைக்கோபீன் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். மஞ்சள் நிறப் பொருள் மட்டும் தொடர்ந்து உருவாகும். கடும் கோடையில் வரும் பழம் ஆரஞ்சுச் சாயலில் வெளிறியிருப்பதற்கு இதுதான் காரணம். அதே செடி குளிர்காலத்தில் இரத்தச் சிவப்பாகக் காய்க்கும். ஆகவே கடையில் நிற்பவருக்கு எளிய அளவுகோல் நிறம்தான். ஒரே சிவப்புப் பழக் கூட்டத்தில் ஆழ்ந்த சிவப்பு எதுவோ அதில் லைக்கோபீன் அதிகம். மஞ்சள் தக்காளியில் அநேகமாகக் கிடையாது. பச்சைத் தக்காளியில் வைட்டமின் சி உண்டு, லைக்கோபீன் இல்லை.

செம்பூரில் கதை வேறு. முருகன் கோயிலுக்கு வருகிற கூட்டம், ஓய்வு பெற்ற அதிகாரிகள், அணுசக்தி நகர் பக்கத்திலிருந்து வரும் விஞ்ஞானிகளின் குடும்பங்கள். படித்த வட்டாரம். குளிரூட்டிய கடைகளில் கோலிக்குண்டு அளவுச் செரி தக்காளி பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். விலை, சாதாரணத் தக்காளியின் பல மடங்கு. அதில் சத்து அதிகம் என்ற பேச்சு பொய்யில்லை. கணக்கு ரொம்பச் சுலபம். பழம் சிறுத்தால் எடைக்கு எடை தோல் அதிகம். கிளாஸ்கோவில் 2000-ல் நடந்த ஆய்வில் தக்காளியின் ஃபிளேவனால்களில் 98 சதவீதம் தோலில் இருந்தது தெரிந்தது. செரி தக்காளி முன்னணியில் நின்றதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் கூடுதலுக்கு அத்தனை விலை தர வேண்டுமா? மூன்று மடங்கு விலையில் செரி தக்காளி வாங்கிக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவரைவிட, சாதாரணப் பழத்தைத் தோலோடு தாராளமாகச் சாப்பிடுகிறவருக்குத்தான் லாபம்.

செம்பூரின் இன்னொரு கடை மருந்துக் கடை. அறுபதைத் தாண்டிய ஆண்கள் அங்கே லைக்கோபீன் மாத்திரை கேட்டு வாங்குகிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய் பயம். அந்தப் பயத்துக்கும் தக்காளிக்கும் முடிச்சுப் போட்டது 1995-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. ஹார்வர்டைச் சேர்ந்த ஜியோவன்னூச்சி குழு, 47,894 ஆண்களின் சாப்பாட்டு வழக்கத்தைப் பல வருடங்கள் கவனித்தது. வாரத்துக்குப் பத்து முறைக்கு மேல் தக்காளி உணவுகளைச் சாப்பிட்டவர்களுக்கு, ஒன்றரை முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட அந்தப் புற்றுநோய் சுமார் 35 சதவீதம் குறைவாக வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. மாத்திரைக் கம்பெனிகள் ஓடி வந்தன.

ஆனால் தக்காளி சாப்பிட்டவர்கள் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவர்களாக இருக்கலாமே? இந்தச் சந்தேகத்தை அந்த மாதிரி ஆய்வு தீர்க்காது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பாட்டைப் பாடவில்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-ல் எல்லா ஆதாரத்தையும் கொட்டிப் பார்த்துவிட்டு, தக்காளிக்கும் புராஸ்டேட் புற்றுநோய்த் தடுப்புக்கும் உள்ள ஆதாரம் மிகச் சொற்பம் என்றது. லைக்கோபீன் மாத்திரைக்கு நம்பத்தகுந்த ஆதாரமே இல்லை என்று கதவைச் சாத்தியது.

மாத்திரை வேலை செய்யாவிட்டால் காசுதானே நஷ்டம் என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. லைக்கோபீனின் உடன்பிறப்பு பீட்டா கரோட்டின் விஷயத்தில் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-ல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் அதிகமாக வந்தது. அமெரிக்காவில் இதே மாதிரி நடந்த இன்னொரு சோதனையை 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள், அதே காரணத்துக்காக. காயும் கீரையுமாகச் சாப்பிட்டபோது நண்பனாக இருந்த பொருள், தனியாகப் பிரித்துப் பெரிய அளவில் கொடுத்தபோது புகைபிடிப்பவர்களுக்குச் சத்ருவானது. ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலை எண்ணாக அளந்து உணவுகளை வரிசைப்படுத்தும் மோகமும் இப்படித்தான் முடிந்தது. அமெரிக்க விவசாயத் துறை அத்தகைய தன் பட்டியலையே 2012-ல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் கிடைத்த எண், உடம்புக்குள் நடப்பதைச் சொல்வதில்லை என்பதுதான் காரணம். சோதனைக் குழாய்க்கு ஜீரணம் கிடையாது.

அந்த ஜீரணம்தான் தாராவிக்குக் கூட்டிப்போகிறது.

தொண்ணூறு அடிச் சாலையில் சாயங்காலம் தக்காளி கிலோவில் மட்டும் விற்பதில்லை. கூறு கட்டியும் விற்கும். காலையில் யாரும் எடுக்காத பழம், கை பட்டாலே அமுங்குவது, பக்கம் நசுங்கியது எல்லாம் சேர்த்து ஒரு கூறு. "அண்ணாச்சி, இந்தக் கூறு எவ்வளவு?" என்று கேட்கிற பெண் நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பத்தவர். "எடுத்துட்டுப் போ தாயி, பார்த்துக் குடு" என்கிறவரும் அந்தப் பக்கத்து ஆள்தான். பத்துக்குப் பத்து அறையில் அந்தப் பழம் சட்னியாகவோ தொக்காகவோ ஆகும். தோல் உரிக்க நேரமில்லை. வடிகட்ட மனமில்லை. வாணலியில் எண்ணெய், கடுகு, வெங்காயம், பூண்டு, மிளகாய். தக்காளியைப் போட்டு எண்ணெய் பிரியும் வரை வதக்க வேண்டியது. விடிவதற்கு முன்பே இட்லி அவித்து சைக்கிளில் ஊரெல்லாம் கொண்டுபோகும் தாராவிக்காரர்களின் வீட்டிலும் பிள்ளைகளுக்கு இந்தச் சட்னிதான்.

சத்துக் கணக்கில் இந்த ஏழைச் சட்னி செம்பூர் சாலட்டை நன்றாகத் தோற்கடிக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் நடந்த சோதனை இதற்குச் சாட்சி. தக்காளியை 88 டிகிரியில் 2, 15, 30 நிமிடம் என்று சூடாக்கினார்கள். வைட்டமின் சி குறைந்தது நிஜம்: 30 நிமிடத்தில் 29 சதவீதம் போயிற்று. ஆனால் வெளியே எடுக்க முடிந்த லைக்கோபீன், 2 நிமிடத்திலேயே 54 சதவீதமும் 15 நிமிடத்தில் 171 சதவீதமும் கூடியது. மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றல் 30 நிமிடச் சமையலில் 62 சதவீதம் உயர்ந்தது. சூடு புதிதாக லைக்கோபீனை உண்டாக்கவில்லை. உயிரணுச் சுவரை உடைத்துப் பூட்டைத் திறந்தது. மாட்டுங்கா ஆய்வுக்கூடத்தில் நொதி செய்த வேலையைத் தாராவியில் அடுப்பு செய்கிறது.

சாவியின் இன்னொரு பல் எண்ணெய். லைக்கோபீன் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஜெர்மன் விஞ்ஞானிகள் ஸ்டாலும் சீஸும் 1992-ல் இதை மனிதர்களிடமே சோதித்தார்கள். எண்ணெய் சேர்த்துக் காய்ச்சிய தக்காளிச் சாற்றைக் குடித்தவர்களின் இரத்தத்தில் லைக்கோபீன் ஏறியது. காய்ச்சாத சாற்றைக் குடித்தவர்களிடம் ஏறவில்லை. 1997-ல் அதே குழு, தக்காளி விழுதையும் பச்சைப் பழத்தையும் ஒரே அளவு எண்ணெயோடு கொடுத்துப் பார்த்தபோதும் விழுதுதான் ஜெயித்தது, உச்ச அளவில் சுமார் இரண்டரை மடங்கு. தொக்கில் மேலே மிதக்கிற சிவப்பு எண்ணெய் மிளகாயின் கைவரிசை மட்டுமல்ல. தக்காளி தன் பெட்டியைத் திறந்துவிட்டது என்பதற்கும் அது அடையாளம். கொழுப்பே சேர்க்காமல் வெறும் தக்காளித் துண்டுகளைச் சாப்பிடும் டயட்காரர் லைக்கோபீனில் பெரும்பகுதியை அப்படியே வெளியேற்றுகிறார். ஒரு கரண்டி எண்ணெய் போதும். தொக்கு மிதக்க வேண்டியதில்லை.

ஆகவே பச்சையாகவா, சமைத்தா என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. வைட்டமின் சி வேண்டுமானால் பச்சை. லைக்கோபீன் வேண்டுமானால் வதக்கியது. வைட்டமின் சி-க்கு நெல்லிக்காயும் கொய்யாவும் எலுமிச்சையும் இருக்கின்றன. நூறு கிராம் தக்காளியில் அது சுமார் 14 மில்லிகிராம்தான். லைக்கோபீனுக்கு மாற்று குறைவு. அதனால் தக்காளியைச் சமைத்து, எலுமிச்சையை அடுப்பை அணைத்த பிறகு பிழிவது சாமர்த்தியம். பாட்டிகள் செய்துவந்ததும் அதுதான்.

கூறு தக்காளியில் ஒரு எச்சரிக்கை அவசியம். கனிந்து துவண்ட பழம் குற்றமில்லை. நன்றாகப் பழுத்ததில்தான் லைக்கோபீன் உச்சம். ஆனால் பூஞ்சை பிடித்தது வேறு. வெள்ளையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் போடுவது தப்பு. மெதுவான பழத்தில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுப் பழத்தையும் எறிய வேண்டும். அதே மாதிரி, தோலோடு சாப்பிடுகிறவர் ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பூச்சி மருந்தும் முதலில் தங்கும் இடம் தோல்தான். விதை சிறுநீரகக் கல் உண்டாக்கும் என்ற பயம் பலருக்கு உண்டு. கல்லுக்குக் காரணமான ஆக்ஸலேட் பசலைக் கீரையோடு ஒப்பிட்டால் தக்காளியில் சொற்பம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் விஷயம் வேறு. அவர்கள் பொட்டாசியத்துக்காக டாக்டர் சொல்கிற அளவில் நிற்க வேண்டும்.

விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பையும் எறிய வேண்டாம். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2007-ல் சோதித்தபோது, நாக்குக்கு ருசி சேர்க்கும் குளுட்டாமிக் அமிலம் வெளிச் சதையைவிட அந்த வழவழப்பில் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. ரசத்தை வடிகட்டி, பிறகு ருசி போதவில்லையே என்று பொடி சேர்க்கிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

கெச்சப் புட்டி? லைக்கோபீன் விஷயத்தில் அது குறைந்ததல்ல, பச்சைத் தக்காளியைவிட எடைக்கு எடை பல மடங்கு. ஆனால் கூடவே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரையும் தாராளமாக உப்பும் வரும். பிள்ளைகள் சத்துக்காகக் கெச்சப் சாப்பிடுகிறார்கள் என்று சொல்வது, வைட்டமினுக்காக ஊறுகாய் சாப்பிடுகிறோம் என்பது போல.

இவ்வளவும் தக்காளி கைக்கெட்டும் விலையில் இருந்தால்தான். 2023 ஜூலையில் மும்பையில் கிலோ ரூ. 200 வரை போனது. தாராவியில் கூறு சுருங்கி நாலு பழமானது. நாட்டின் சில பகுதிகளில் மெக்டொனால்ட்ஸ் தன் பர்கரிலிருந்தே தக்காளியை எடுத்துவிட்டது. டெல்லியில் மத்திய அரசு மானிய விலையில் கிலோ ரூ. 90-க்கு விற்க வேண்டியிருந்தது. அதே வருடம், அதற்குச் சில வாரங்கள் முன்புதான் நாசிக் பக்கத்து விவசாயிகள் பறிகூலிகூடக் கிடைக்காமல் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். விலை இல்லாததால் பலர் செடியைக் கவனிக்காமல் விட்டார்கள். பிறகு மழையும் சேர்ந்துகொண்டது. கொட்டினதும் தட்டுப்பாடும் ஒரே சங்கிலியின் இரண்டு முனை. மலிவாக வரும் மாதங்களில் விழுதாக்கி வைத்துக்கொள்ள வசதி இருந்தால் இரண்டு முனையிலும் வலி குறையும். வசதி என்றால் ஆலைதான் என்றில்லை. டிசம்பர், ஜனவரியில் நன்றாகச் சிவந்த பழத்தை வாங்கித் தொக்காகக் கிளறி வைக்கும் குடும்பம் சிறிய அளவில் அதைத்தான் செய்கிறது.

விலை ஏறிய மாதங்களில் புளியை வைத்து ஒப்பேற்றுவது தமிழ்ச் சமையலுக்குச் சுலபம். புளிப்பு கிடைக்கும், லைக்கோபீன் கிடைக்காது. அப்போது கைகொடுப்பவை இரண்டு. உள்ளே சிவந்த கொய்யா, நூறு கிராமில் தக்காளியைப் போல் இரண்டு மடங்கு லைக்கோபீன் உள்ளது. இன்னொன்று கோடையின் தர்ப்பூசணி. இரண்டுமே தள்ளுவண்டியில் கிடைப்பவை, மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

தக்காளி புற்றுநோயைத் தடுக்குமா என்பதற்கு உறுதியான பதில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை; ஏனென்றால் இதில் புதிதாகச் செலவு எதுவும் கிடையாது. ஏற்கெனவே வாங்கிய பொருளில் பாதியை எறியாமல் இருந்தால் போதும். மாட்டுங்கா மாமி ரசத்தைத் தெளிவாகவே வைக்கட்டும், கௌரவம் கெட வேண்டாம். வடிகட்டியில் நின்ற சக்கையையும் உரித்த தோலையும் மட்டும் குப்பைக்குப் பதில் வாணலிக்கு அனுப்பலாம். ஒரு கரண்டி நல்லெண்ணெய், நாலு மிளகாய், கொஞ்சம் உளுத்தம் பருப்பு, அரைத்தால் துவையல். மத்தியான ரசத்துக்கு ராத்திரி இட்லிதான் ஜோடி.